பழைய போனும் பதினாறு டிகிரியும்

"அந்தக் கண்ணு எங்கேம்மா?" என்று கேட்டார் டவர் சார், புதுப் போனை நாலாவது தடவையாகப் புரட்டிப் பார்த்தபடி.

"பின்னாடி பாருங்கப்பா, மூணு கண்ணு இருக்கு. எல்லாம் கேமரா."

"அது இல்லம்மா. உச்சந்தலையில கறுப்பா, மிளகு சைசுல இருக்கும். ஏசி, டிவிக்கெல்லாம் ரிமோட் மாதிரி வேலை செய்யுமே."

"ஓ, அதுவா! அதெல்லாம் இப்ப வர்றதில்லப்பா. நிறுத்திட்டாங்க."

"காதுல மாட்டற ஒயருக்கு ஓட்டை?"

"அதையும் நிறுத்திட்டாங்க."

"முதுகைக் கழட்டினா பேட்டரி கையில வருமே?"

"இப்ப கழட்டினா வாரண்டிதான் கையை விட்டுப் போகும்."

"ரேடியோ?"

"நெட்டு இருந்தா பாடும்."

"நெட்டு இல்லேன்னா?"

"நீங்கதான் பாடணும்."

இத்தனை 'இல்லை'களை ஒரே கண்ணாடிப் பட்டைக்குள் அடக்க எவ்வளவு பேர் ராப்பகலாக உழைத்திருப்பார்கள் என்று எண்ணி டவர் சார் மலைத்துப் போனார். பழைய போனில் எல்லாம் இருந்தது, விலை கம்மி. புதுப் போனில் ஒன்றுமில்லை, விலை இரண்டு மடங்கு. இதற்குப் பெயர்தான் முன்னேற்றம் என்று அவருடைய மேலாளர் அடிக்கடி சொல்வார்.

"சரி, பழசு எங்கேம்மா?"

"கடையிலேயே குடுத்துட்டேன்பா. பழசைக் குடுத்தா இதுல கொஞ்சம் குறைச்சாங்க."

டவர் சார் புதுப் போனைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். எதிரே மகளின் முகம். முதல் மாதச் சம்பளம் வாங்கி, தனக்கென்று ஒரு செருப்புகூட எடுக்காமல், அப்பாவுக்குப் போன் வாங்கி வந்த முகம். திறந்த வாயை அப்படியே அகலப்படுத்திச் சிரிப்பாக்கிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. எனக்கு இவ்வளவு பெரிசா யாரும் எதுவும் வாங்கித் தந்ததே இல்ல."

அது உண்மையும்கூட. சொல்லிவிட்டு வேர்த்த நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாதி நன்றியால், பாதி பீதியால்.

"பாருடி, உங்கப்பாவுக்கு சந்தோஷத்துல முகமெல்லாம் வேர்க்குது" என்றாள் மனைவி.

டவர் சார் என்பது அலுவலகம் வைத்த பெயர். அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் அவர் தலைமை எழுத்தர். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போனைத் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து பார்த்து, "சே, டவரே கிடைக்கல" என்று முணுமுணுப்பார். மற்ற எல்லோருக்கும் டவர் ஒழுங்காகக் கிடைத்துக்கொண்டிருந்த அதே இடத்தில்தான். அவருக்கு ஏதோ கிரகக் கோளாறு என்று சக ஊழியர்கள் விட்டுவிட்டார்கள்.

உண்மையில் அவர் தேடியது டவரை இல்லை. கூரையின் நடுவில் நாலு பக்கமும் வாய் பிளந்து உட்கார்ந்திருந்த ஏசியைத்தான் குறி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஏசிக்கு அதிகாரபூர்வமான ரிமோட் ஒன்றே ஒன்று. அது மேலாளரின் மேசை இழுப்பறையில், பூட்டுக்குள். தினமும் காலை ஒன்பதரைக்குக் கோட்டும் டையுமாக மேலாளர் தம் கண்ணாடி அறையின் வாசலில் வந்து நிற்பார். ரிமோட்டை ஏசியை நோக்கிச் செங்கோல் போல உயர்த்துவார். நான்கு அமுக்கு. பிறகு கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை.

"குளிர்லதான் மூளை சுறுசுறுப்பா இருக்கும். பதினெட்டு டிகிரி. உலகத்துல பெரிய நிறுவனங்கள்ல எல்லாம் இதான்."

உலகத்துப் பெரிய நிறுவனங்களில் எல்லோரும் கோட்டுப் போட்டிருப்பார்கள் என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

இதில் நேரடியாகச் செத்துக்கொண்டிருந்தவர் தபால் பிரிவு அக்கா. ஐம்பத்தாறு வயது. வருகிற கடிதங்களைப் பிரித்து, முத்திரை குத்தி, எண் போடுகிற வேலை. குளிர்பட்டால் விரல் கணுக்கள் வீங்கி மடங்காமல் நின்றுவிடும். முன்னொரு காலத்தில் டவர் சார் அவருக்காக ஒரு விண்ணப்பம் எழுதி மேலாளரிடம் கொடுத்தார். மேலாளர் அதைக் கருணையோடு படித்து, நல்ல காற்றோட்டம் கிடைக்கட்டும் என்று அக்காவின் நாற்காலியை நேராக ஏசிக்குக் கீழே மாற்றினார். தலைமையகம் ஒப்புதல் தந்த இருக்கை வரைபடம் ஒன்று சுவரில் மாட்டப்பட்டது. அதற்குப் பிறகு நாற்காலியை நகர்த்துவது சட்ட விரோதம்.

அன்றைக்குத்தான் டவர் சார் தம் போனில் அந்த மிளகுக் கண்ணைக் கண்டுபிடித்தார். மூன்று வருடம் ஆகிறது. மேலாளர் கதவைச் சாத்தியதும் போனைத் தூக்குவார். ஒரு அமுக்கு. அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. பழைய இயந்திரம், யோசித்துத்தான் செய்யும். பிறகு கூரையில் ஒரு முனகல் கேட்கும். காற்று தணியும். அக்கா தோளில் போர்த்திய துணியை எடுத்து நாற்காலி முதுகில் போடுவார். டவர் சாருக்கு அந்தத் துணி இறங்குவதுதான் சம்பள உயர்வு.

பதினோரு மணிக்கு மட்டும் ஏசி அவர் பேச்சைக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் மின்னழுத்தம் குறைவு என்று தாமே ஒரு விஞ்ஞானக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். எல்லோரும் தேநீர் குடிக்கிற நேரம் ஆதலால் பெரிதாகத் தெரியவுமில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது தர்மமாக இருக்காது, முறைகேடாகிவிடும். ஆனாலும் சாயங்காலம் பேருந்தில் வரும்போது, 'இந்தக் கூடத்தில் இருபது பேர் விரல் விறைக்காமல் வீட்டுக்குப் போகிறார்கள் என்றால், அதற்கு ஒரு மனுஷன் காரணம்' என்று நினைத்து, கண்ணாடியில் தெரிந்த அந்த மனுஷனைப் பார்த்து லேசாகத் தலையாட்டிக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் போனை மெத்தென்ற துணியால் துடைத்து வைப்பார். மனைவியின் மூக்குக்கண்ணாடிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

இப்போது அந்தப் போன் எங்கோ ஒரு கடைச் சாக்குக்குள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மேலாளர் செங்கோலை உயர்த்தினார். ஏசி இரைந்தது. டவர் சார் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தூக்குவதற்கு ஒன்றுமில்லை.

மத்தியானத்துக்குள் அக்காவின் கையிலிருந்து முத்திரைக் கட்டை இரண்டு தடவை நழுவி விழுந்தது.

"என்னக்கா, ரொம்பக் குளிருதா?"

"மூணு வருஷமா இந்த ஏசி ஏதோ புத்தியோட இருந்துச்சு தம்பி. இன்னிக்கு என்னமோ பேய் பிடிச்ச மாதிரி அடிக்குது." அக்கா விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டார். "டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டார். கை வேணுமா வேலை வேணுமான்னு. இப்படியே போனா வெள்ளிக்கிழமை விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துட வேண்டியதுதான்."

"பையன் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கேக்கா!"

"இருக்கு. அதான் வெள்ளி வரைக்கும் பாக்கறேன்னு சொல்றேன். இல்லேன்னா இன்னிக்கே குடுத்திருப்பேன்."

தேநீர் நீட்டுகிற சின்ன ஜன்னல் வழியாக அட்டெண்டர் அம்மா எட்டிப் பார்த்தார். கூடத்தின் மூலையில் உள்ள சமையலறைதான் அவர் ராஜ்ஜியம். அதிகம் பேசமாட்டார். மேலாளர் முதல் வாசல் காவலர் வரை யாருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்பது அவர் தலைக்குள் இருந்தது. அக்காவுக்கு என்று இரண்டாவது தடவையாகச் சூடாக ஒரு கோப்பை வந்தது. அக்கா அதைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை டவர் சார் மகளிடம் நைசாகக் கேட்டார். "ஏம்மா, இந்தப் போன்ல ஏசியை எப்படிக் குறைக்கிறது?"

"பேசினா போதும்பா. நீங்க சொன்னா அது கேக்கும்."

வீட்டில் அப்படிக் கேட்கிற ஜீவன் ஒன்றுகூட இல்லாத டவர் சாருக்கு அது பெரிய செய்தியாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை, கூடத்தில் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் போனை வாயருகே கொண்டுபோய் ரகசியமாகச் சொன்னார்: "ஏசியைக் குறை."

போன் ரகசியம் காக்கத் தெரியாத ஜாதி. கணீரென்று ஒரு பெண் குரல் கூடம் முழுக்க ஒலித்தது.

"மன்னிக்கவும். குறைப்பதற்கு இந்த அறையில் எனக்கு அறிமுகமான ஏசி எதுவும் இல்லை. அறிமுகம் செய்துவைக்க விரும்புகிறீர்களா?"

இருபது தலைகள் நிமிர்ந்தன. டவர் சார் அதன் வாயைப் பொத்தப் பார்த்தார். அதற்கு எங்கே வாய் என்று தெரியவில்லை.

"நீங்கள் சொன்னது புரியவில்லை. மீண்டும் சத்தமாகச் சொல்லுங்கள்" என்றது போன்.

கண்ணாடிக் கதவு திறந்தது. "யாருக்கு ஏசியைக் குறைக்கணும்?" என்றார் மேலாளர்.

நிமிர்ந்த தலைகள் எல்லாம் மறுபடி குனிந்தன.

"நம்ம நிறுவனத்தோட வளர்ச்சி பிடிக்காதவங்க சில பேர் நமக்குள்ளயே இருக்காங்க. அவங்களுக்கு என் பதில் இதுதான்." ரிமோட் உயர்ந்தது. இரண்டு அமுக்கு. "பதினாறு!"

அரை நிமிடத்தில் கூரை கர்ஜித்தது. மேலாளர் திருப்தியாகக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அக்கா இன்னொரு துணியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். டவர் சார் தம் பங்குக்கு இரண்டு டிகிரி குளிரை அதிகமாக்கிக் கொடுத்திருந்தார்.

மாலையில் போன் விற்ற கடைக்கு ஓடினார். பழைய போன்கள் எல்லாம் சாக்கில் கட்டி லாரி ஏறிவிட்டன. அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார்.

"சார், அந்தக் கண்ணு தனியாவே கிடைக்குது. வால் மாதிரி இருக்கும். காதுக்கு ஒயர் சொருகற ஓட்டையில சொருகிட்டாப் போதும்."

"அந்த ஓட்டைதான் இதுல இல்லையே."

"இல்லாத ஓட்டையை உண்டாக்க ஒரு சாமான் இருக்கு சார். சார்ஜ் போடற ஓட்டையில இதை மாட்டினா அந்த ஓட்டை வந்துடும்."

"சார்ஜ் எப்படிப் போடறது?"

"ரெண்டையும் கழட்டிட்டுப் போடுங்க."

எடுத்த ஓட்டையை விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு டவர் சார் வீடு வந்தார்.

புதன்கிழமை. போனின் அடியில் ஒரு வால், வாலுக்குக் கீழே இன்னொரு வால். இதைத் தலைக்கு மேல் தூக்கினால் பல்லியைப் பிடித்துத் தொங்கவிட்டது போல இருக்கும். டவர் தேடுகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆகவே மேசைக்கு அடியிலேயே வைத்து, வாலை மட்டும் வெளியே நீட்டினார். எந்த இயந்திரம் என்று போன் கேட்டது. ஏசியின் நிறுவனப் பெயர் எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தது. 'தானே தேடிக்கொள்' என்ற பொத்தானை அமுக்கினார்.

போன் ஒவ்வொரு நிறுவனத்தின் ரிமோட்டாகவும் நடித்துப் பார்த்துத் தேடத் தொடங்கியது. ஏசி அசையவில்லை.

கண்ணாடி அறைக்குள் மேலாளர் தலைமையகத்தோடு கூட்டத்தில் இருந்தார். சுவரில் மாட்டிய பெரிய டிவியில் ஒன்பது அதிகாரிகளின் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. "என் கிளையில ஒழுக்கம் எப்படி இருக்குன்னா சார்..." என்று மேலாளர் ஆரம்பித்தார். ஒன்பது முகங்களும் மறைந்தன. அரை நிர்வாணமாக இரண்டு மல்லர்கள் தோன்றினார்கள். ஒருவன் மற்றவனைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் அறைந்தான். சத்தம் தானாக ஏறி ஏறி உச்சத்தில் போய் நின்றது.

மேலாளர் டிவி ரிமோட்டைத் தேடி மேசைக்கடியில் நுழைந்தார். தலைமையகத்துக்கு அவருடைய நாற்காலி மட்டும் தெரிந்தது. அதோடு மல்யுத்த ரசிகர்களின் ஆரவாரமும் கேட்டது.

டவர் சார் அவசரமாக வாலைப் பிடுங்கினார். கீழ் வால் கையோடு வந்தது. மேல் வால் சார்ஜ் ஓட்டைக்குள்ளேயே முறிந்து நின்றது. இனி சார்ஜும் கிடையாது.

யாரோ ஒருவரின் கைபேசி செய்த விஷமம் என்று மேலாளர் முடிவு கட்டினார்; அன்று மாலையே சுற்றறிக்கை. நாளை முதல் ஊழியர்கள் அனைவரும் தங்கள் கைபேசிகளை வாசலில் காவலரிடம் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே வரவேண்டும். மீறினால் எழுத்து மூலமான விளக்கம்.

இருபது பேரும் யாரோ ஒருவனைச் சபித்தார்கள். டவர் சாரும் ஊரோடு ஒத்துக் கொஞ்சம் சபித்து வைத்தார்.

வியாழக்கிழமை மாலை, முறிந்த வாலோடு அவர் ஒரு பழுது பார்க்கும் கடையில் போய் நின்றார். ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க முடியாத கடை. உள்ளே ஒரு பெரியவர், கண்ணில் பூதக்கண்ணாடி. அவருக்கு முன்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். டவர் சாருக்கு மருத்துவமனை ஞாபகம் வந்தது.

"பட்டன் வச்சது ஒண்ணு குடுங்கய்யா. கண்ணாடியைத் தடவித் தடவி எங்கப்பா தப்புத் தப்பா ஆளுக்குப் போன் போடறார்" என்றாள் ஒரு பெண்.

"யாராவது கூப்பிட்டிருந்தா ஓரத்துல பச்சையா ஒரு விளக்கு சிமிட்டுமே, அது வேணும்" என்றார் ஒரு லாரி ஓட்டுநர். "நான் பாக்க முடியாதப்ப வீட்டுல கூப்பிட்டாங்களான்னு தூரத்துல இருந்தே தெரியும்."

இன்னொருவர் ஒன்றும் வாங்க வரவில்லை. போன வாரம் சரிபண்ணிக் கொடுத்த போனில் ரேடியோ பாடுகிறது என்று சொல்லிவிட்டுப் போக வந்தவர். சொன்னார், பாடவிட்டுக் காட்டினார், போனார். பெரியவர் தலையாட்டிக்கொண்டார்.

தம் முறை வந்ததும் டவர் சார் எல்லாவற்றையும் கொட்டினார். மகளிடமும் மனைவியிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம், வாலைக் கையில் பிடித்துக்கொண்டு. அக்காவின் விரல் வரைக்கும் சொன்னார்.

பெரியவர் வாலை இடுக்கியால் எடுத்துப் போட்டார். பிறகு ஒரு அட்டைப் பெட்டியைக் கிளறி, கண்ணாடியில் விரிசல் விழுந்த ஒரு போனை எடுத்தார். அதே நிறுவனம், அதே மாடல். உச்சந்தலையில் மிளகு.

"எவ்வளவுங்க?"

"அந்த அம்மா கை சரியானதும் வந்து சொல்லுங்க. அது போதும்."

டவர் சார் அந்தக் கடை வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த உலகத்தில் மேலாளர்களும் இருக்கிறார்கள், இவர்களும் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தம் புதுப் போனை மரியாதையாகப் பெட்டியில் போட்டார். பழையதை ஒரு பாலித்தீன் பையில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். காவலர் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கே சார்?"

"இன்னிக்குப் பசி ஜாஸ்தி."

ஒன்பதரை. மேலாளர் வந்து, பதினாறு என்று மறக்காமல் அறிவித்து, செங்கோலை இறக்கினார். கூரை இரைந்தது. அக்கா இழுப்பறையிலிருந்து ஒரு நீளமான உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். மேலாளர் கதவைச் சாத்தட்டும் என்று டவர் சார் டப்பாவின் மூடியில் கை வைத்துக் காத்திருந்தார்.

அந்தப் போனின் முந்தைய சொந்தக்காரர் யாரோ, தினமும் காலை ஒன்பது முப்பத்தொன்றுக்கு எதையோ மறக்கக்கூடாது என்று அலாரம் வைத்திருக்கிறார். டப்பாவுக்குள்ளிருந்து சேவல் கூவியது.

ஒரு தடவை கூவி நிறுத்துகிற சேவல் இல்லை. எஃகுத் தட்டுகளின் எதிரொலியோடு, ஒரு பண்ணையே விழித்துக்கொண்டது போல.

பாதிக் கதவில் மேலாளர் திரும்பினார். "உங்க சாப்பாடு இன்னும் உயிரோடதான் இருக்கா?"

டப்பா திறக்கப்பட்டது. போன் வெளியே வந்தது. மேலாளர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உள்ளே போய், இழுப்பறையில், ரிமோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பூட்டினார். பூட்டிய சாவியைக் கோட்டுப் பையில் போட்டு, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "திங்கட்கிழமை எழுத்து மூலமா விளக்கம் வேணும்." கதவு சாத்திக்கொண்டது.

அக்கா மெல்ல எழுந்தார். விறைத்த விரல்களால் உறையை எடுக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மேலாளர் அறையை நோக்கி நடந்தார்.

டவர் சார் குறுக்கே போய் நின்றார்.

"அக்கா, ஒரு நிமிஷம். ஒண்ணு சொல்லணும். குடுத்துடாதீங்க."

"வழி விடுங்க தம்பி. என்னால முடியல."

"மூணு வருஷமா இந்த ஏசி புத்தியோட இருந்துச்சுன்னு சொன்னீங்களே. அது புத்தி இல்லக்கா. நான்."

கூடத்தில் பேனாக்கள் நின்றன.

"என் பழைய போன்ல ஒரு கண்ணு இருந்துச்சு. அதை வச்சு நான்தான் குறைச்சுக்கிட்டு இருந்தேன். டவர் தேடற மாதிரி பாசாங்கு பண்ணி. உங்க விரலுக்காகத்தான். நீங்க எல்லாரும் என்னை டவர்னு கேலி பண்ணினப்பகூட நான் வாயைத் திறக்கல." சொல்லச் சொல்ல அவருக்கே தம்மீது மதிப்பு பெருகியது. பேருந்துக் கண்ணாடியில் பார்க்கும் அந்த மனுஷனை இப்போது இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரல் கொஞ்சம் மேடைக்கு ஏறியது. "செஞ்ச உதவியை வெளியே சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை அந்தப் போன் போயிடுச்சு. அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சாலும் எல்லாம் தலைகீழா ஆகுது. ஆனா அக்கா, ஒரு வாரம் டைம் குடுங்க. எப்படியாவது வேற ஒண்ணு கொண்டு வந்துடறேன்."

அக்கா அவரையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"மூணு வருஷமாவா தம்பி? எனக்காகவா? ஒரு வார்த்தை சொல்லலியே! கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்."

"அதெல்லாம் பெரிசில்லக்கா" என்றார் டவர் சார், அது எவ்வளவு பெரிது என்பதை எல்லோரும் கவனிக்கும்படி.

"எப்படித் தம்பி செய்வீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. இப்படித்தான்." அவர் வெறுங்கையைத் தலைக்கு மேல் தூக்கினார். அண்ணாந்து பார்த்தார். இல்லாத போனில் கட்டை விரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். "இவ்வளவுதான். அப்புறம் அரை நிமிஷம் யோசிக்கும்..."

கூரையில் ஒரு முனகல் கேட்டது.

ஏசியின் நாலு வாய்களிலும் காற்று தணிந்தது.

டவர் சார் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார். பிறகு மெதுவாக அதை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, உள்ளங்கையைப் பார்த்தார். திருப்பிப் புறங்கையையும் பார்த்தார்.

"இன்னொரு தடவை காட்டுங்க தம்பி" என்றார் அக்கா.

டவர் சார் இன்னொரு தடவை தூக்கினார். இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாக, அருள்பாலிக்கிற தோரணையில். முனகல். காற்று இன்னும் தணிந்தது. கோப்புகளின் ஓரங்கள் படபடப்பதை நிறுத்தின. கணக்குப் பிரிவு இளைஞன் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டான். அக்கா தலையில் போட்டிருந்த துணி தோளுக்கு வந்தது, தோளிலிருந்து கைக்கு வந்தது. உறை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை.

டவர் சாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருடமாக அந்த மிளகுக் கண்ணுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோமே, சக்தி நம் கையில் அல்லவா இருந்திருக்கிறது! உறுதி செய்துகொள்வதற்காக மூன்றாவது தடவையும் கையைத் தூக்கினார்.

சமையலறை ஜன்னலில் அட்டெண்டர் அம்மாவின் தலை தெரிந்தது.

"போதும் சார், இங்க சுவத்துல இருக்கிற ஏசித் திருகை இதுக்கு மேல திருப்ப இடமில்ல! அந்த ஏசியோட கண்ணு அவிஞ்சு நாலு வருஷமாச்சு, அந்தச் சாமான் இப்ப வர்றதே இல்லன்னு மெக்கானிக் கைவிரிச்சுட்டாரு; மேனேஜர் சார் ரிமோட்டைத் தூக்கினா கூட்டறதும் நீங்க போனைத் தூக்கினா குறைக்கிறதுமா நான்தான் உள்ள நின்னு பண்ணிக்கிட்டு இருக்கேன், இந்த வாரம் நீங்க கையையே தூக்கலியா, அக்காவுக்கும் உங்களுக்கும் ஏதோ சண்டை போலன்னு நினைச்சு நானும் பேசாம இருந்துட்டேன்."